விளக்கு ஏந்திய கை கஞ்சிரா ஏந்தியது!

கச்சேரி மேடையில் மிருதங்கம் இருக்கும். கடம் இருக்கும். அவற்றின் பக்கத்தில் சிறு வளையம் போன்ற ஒரு வாத்தியமும் இருக்கும். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. ஒரு கையில் பிடித்து, மறு கையால் வாசிப்பார்கள். அதுதான் கஞ்சிரா.

ஒரு காலத்தில் கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் இல்லை. பஜனைக் கூடத்திலும், லாவணி பாடுகிறவர்கள் கையிலும்தான் இந்த மாதிரி வாத்தியம் இருந்தது. அதைச் சீராக்கி, பெரிய வித்துவான்கள் நடுவே உட்கார வைத்தவர் ஒருவர். அவர் புதுக்கோட்டைக்காரர். பெயர் மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் சொல்வார்கள்.

இசை வளர்ந்த மண்

புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்டார்கள். 1948-ல்தான் அது இந்தியாவுடன் இணைந்தது. 1974-ல் தனி மாவட்டம் ஆயிற்று.

புதுக்கோட்டைக்கும் இசைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பக்கத்தில் உள்ள குடுமியான்மலையில், பாறையில் சுரங்களையே கல்வெட்டாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அது ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முந்தையது!

அந்த மண்ணில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தவர் மான்பூண்டியா பிள்ளை. அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்ல. தொடக்கத்தில் அவர் செய்த வேலை விளக்கு வேலை என்று சொல்வார்கள்.

மின்சார விளக்கு இல்லாத காலம் அது. இரவில் எது நடந்தாலும், ஒருவர் விளக்கு ஏந்தி நிற்க வேண்டும். நாகசுரம் ஒலிக்கும். தவில் முழங்கும். கூட்டம் தலையாட்டும். விளக்கு ஏந்தியவரை யாரும் பார்க்க மாட்டார்கள். வெளிச்சத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால், அந்த இளைஞரின் காது தாளத்தில் இருந்தது.

தவில்காரரிடம் பாடம்

மாரியப்பத் தவில்காரர் என்ற வித்துவானிடம் அவர் தாளம் கற்றார் என்பது இசை உலகில் வழிவழியாக வழங்கும் செய்தி.

தவில் பாடம் எளிதான பாடம் அல்ல. முதலில் சொற்களை வாயால் சொல்ல வேண்டும். கையால் தாளம் போட வேண்டும். ஒரே தாளத்துக்குள் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று எழுத்துகளை மாற்றி மாற்றி அடக்க வேண்டும். எங்கே சுற்றினாலும், கடைசியில் சரியான இடத்தில் வந்து முடிக்க வேண்டும். அரை எழுத்து பிசகினாலும் கணக்குத் தப்பிவிடும்.

அந்தக் கணக்கு மான்பூண்டியா பிள்ளைக்குக் கை வந்தது. இனி ஒரு கேள்விதான் மிச்சம். கற்ற வித்தையை எந்த வாத்தியத்தில் வாசிப்பது?

எந்த வாத்தியம்?

தவில் கம்பீரமானது. ஆனால், அதன் முழக்கம் பெரியது. கோயிலுக்கும் வீதிக்கும் ஏற்றது. ஒருவர் உட்கார்ந்து மெல்லப் பாடும்போது தவில் அடித்தால், பாட்டு காதில் விழாது.

மிருதங்கம் பாட்டுக்கு இசைவானது. ஆனால், தஞ்சாவூர்ச் சீமையில் பெரிய பெரிய மிருதங்க வித்துவான்கள் இருந்தார்கள். புதிதாக வருகிற ஒருவர் அங்கே இடம் பிடிப்பது எளிதல்ல.

மான்பூண்டியா பிள்ளை பிடித்தது கஞ்சிராவை. யாரும் பெரிதாக மதிக்காத வாத்தியம்!

அதில் பல வசதிகள் இருந்தன. கனம் இல்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். மிருதங்கத்தைப் போலப் பாடுகிறவரின் சுருதிக்கு ஏற்பக் கட்டையும் கல்லும் கொண்டு தட்டிச் சேர்க்க வேண்டியதில்லை. தோலின் உட்புறம் சிறிது தண்ணீர் தடவினால் போதும். நாதம் கனத்துவிடும்.

குறையும் இருந்தது. பஜனை வாத்தியத்தில் சலங்கைகள் பல. தட்டினால் எல்லாம் சேர்ந்து கலகலவென்று ஒலிக்கும். விரல் சொல்லும் சொல் அந்தச் சத்தத்தில் மூழ்கிவிடும். சலங்கைகளைக் குறைத்து, ஒரே ஜோடி வில்லைகளை வைத்தார் மான்பூண்டியா பிள்ளை என்பார்கள். இன்றும் கச்சேரிக் கஞ்சிராவில் அப்படித்தான் இருக்கிறது. பலா மரச் சட்டம். ஒரு பக்கம் மட்டும் தோல். சட்டத்தில் ஒரு பிளவு. அதில் இரண்டு சிறு வில்லைகள். அவ்வளவுதான்!

மிருதங்கத்துக்கு இரண்டு முகம், இரண்டு கை. கஞ்சிராவுக்கு ஒரு முகம். வாசிப்பது ஒரு கை. பிடிக்கிற கையின் விரல்கள் தோலை அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்கும். இரண்டு கை செய்வதை ஒரு கையால் செய்து காட்ட வேண்டும். அதற்கு எத்தனை உழைப்பு வேண்டும்!

தஞ்சையில் சோதனை

புதுக்கோட்டையில் பேர் வாங்கினால் போதாது. தஞ்சாவூர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அங்கே அப்போது மிருதங்கத்தில் பெரும் புகழுடன் விளங்கியவர் நாராயணசாமி அப்பா. பஜனையிலும் ஈடுபாடு மிக்கவர். மான்பூண்டியா பிள்ளை அவரிடம் போனார்.

நிலைமையை எண்ணிப் பாருங்கள். எதிரே இருப்பவர் மிருதங்க மேதை. இவர் கையில் இருப்பதோ பஜனை வாத்தியம். அவர் சிரித்துவிட்டால், அன்றோடு கதை முடிந்தது. அதன் பிறகு எந்தச் சபையும் கஞ்சிராவுக்குக் கதவு திறக்காது.

அப்பா சிரிக்கவில்லை. வாசிக்கச் சொன்னார். கேட்டார். அசந்து போனார். அந்தச் சின்ன வாத்தியத்தில் இவ்வளவு கணக்கும் இவ்வளவு நயமும் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லையாம். தாமே முன்நின்று இவரை மற்ற வித்துவான்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார் என்பார்கள்.

பெரியவர் ஒருவரின் நல்ல மனமும், இளையவர் ஒருவரின் உழைப்பும் சேர்ந்தன. கஞ்சிரா மேடை ஏறியது.

சீடர்கள் பரம்பரை

மான்பூண்டியா பிள்ளை தம் வித்தையை ஒளித்து வைக்கவில்லை. அவருடைய சீடர்களில் பெரும் புகழ் பெற்றவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875-1936). கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் வல்லவர். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் கச்சேரியில் பக்க வாத்தியங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதை ‘புல் பெஞ்ச்’ கச்சேரி என்பார்கள். அங்கே தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிரா முழங்கியது.

இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவருடைய மகன்தான் இடது கையால் வாசித்துப் புகழ் பெற்ற பழனி சுப்பிரமணிய பிள்ளை. லயக் கணக்குக்குப் பெயர்போன இந்தப் பரம்பரையைப் புதுக்கோட்டைப் பாணி என்று இன்றும் சொல்கிறார்கள்.

மான்பூண்டியா பிள்ளை 1922-ல் மறைந்தார். சபைகளில் ஒலிபெருக்கி பரவியது 1930-களில்தான். ஆகவே, அவர் மைக் முன் உட்கார்ந்து வாசித்தவர் அல்ல. விரலின் பலத்தாலேயே சபை முழுவதும் கேட்கச் செய்தவர்.

மின்சார கிதார் பக்கத்தில்!

காலம் மாறியது. ‘ரிமெம்பர் சக்தி’ என்ற குழுவில் இங்கிலாந்தில் பிறந்த ஜான் மெக்லாஃப்லின் மின்சார கிதார் வாசித்தார். அவர் பக்கத்தில் கஞ்சிராவுடன் உட்கார்ந்தவர் தமிழ்நாட்டின் வி. செல்வகணேஷ். பஜனைக் கூடத்து வாத்தியம் உலக மேடைகளைச் சுற்றி வந்துவிட்டது!

மின்சார கிதாரில் தந்தியின் அதிர்வு மின்சாரமாக மாறி, ஒயர் வழியாக ஒலிபெருக்கிக்குப் போகும். ஒயர் காலில் தட்டும். அதனால் இப்போது பலர் ஒயர் இல்லாத வயர்லெஸ் கருவி வாங்குகிறார்கள். கிதாரில் ஒரு சிறு ஒலிபரப்பி. ஒலிபெருக்கியின் பக்கத்தில் அதை வாங்கும் கருவி.

வாங்கும் முன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பாட்டரி கச்சேரி முடியும்வரை தாங்குமா? மேடையின் மறுகோடி வரை எட்டுமா? கூட்டத்தில் உள்ள செல்போன்களும் வை-பையும் குறுக்கிடாத அலைவரிசையா? தட்டியதும் ஒலி வருகிறதா, தாமதித்து வருகிறதா? தாளத்துக்குத் தாமதம் ஆகாது அல்லவா!

கனம் கூடாது, கையைக் கட்டக் கூடாது, நடுவில் காலை வாரக் கூடாது. மேடை ஏறும் எந்தக் கருவிக்கும் இதுதான் இலக்கணம். மான்பூண்டியா பிள்ளை தேர்ந்த கஞ்சிரா இந்தச் சோதனையில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தேறிவிட்டது.

கஞ்சிராவுக்கும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பு உடும்புத் தோலைத்தான் ஒட்டினார்கள். உடும்பு இப்போது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படும் உயிர். ஆகவே ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன.

தோல் மாறலாம். ஒயர் மறையலாம். விரலின் உழைப்புக்கு மட்டும் மாற்று இல்லை. மற்றவர் வித்தைக்கு வெளிச்சம் காட்டி நின்ற ஒருவர், அந்த உழைப்பால் தாமே வித்துவான் ஆனார். கூடவே, ஓர் எளிய வாத்தியத்தையும் கைதூக்கி விட்டார்!