ஆஷ்விட்ஸ் கண்ட மருத்துவச்சி



யூபிலி மலர்களில் புனிதர் ஒருவரின் சரிதை இடம் பெறுவது வழக்கம். இம்முறை நாம் எழுதப் புகுந்திருப்பது இன்னும் பீடத்தில் ஏற்றப்படாத ஓர் இல்லறப் பெண்மணியைப் பற்றி. அவர் நான்கு பிள்ளைகளின் தாய். வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்த்த மருத்துவச்சி. ஸ்தனிஸ்லாவா லெஷ்சின்ஸ்கா என்னும் இந்தப் போலந்து நாட்டு அம்மையாருக்குத் திருச்சபை 'இறை ஊழியர்' என்னும் பெயரைச் சூட்டியிருக்கிறது.

1896-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் வூட்ச் நகரில் ஸ்தனிஸ்லாவா பிறந்தார். ஆலைகள் நிறைந்த அந்நகரம் அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. தகப்பனார் தச்சுத் தொழிலாளி. அவரை ரஷ்யப் படைக்கு இழுத்துச் சென்றபோது தாயார் ஆலையில் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1908-ல் குடும்பம் பிழைப்புத் தேடிக் கப்பலேறி பிரேசில் நாட்டுக்குப் போய், இரண்டு ஆண்டுகளில் திரும்பி வந்தது. 1916-ல் அச்சுத் தொழிலாளியான ப்ரோனிஸ்லாவ் என்பவரை ஸ்தனிஸ்லாவா மணந்தார். தாயான பிறகே அவர் படிக்கத் துணிந்தார் என்பதை நம் இளந்தாய்மார் கவனிக்க வேண்டும். 1920-ல் வார்சா நகருக்குச் சென்று அங்குள்ள மருத்துவச்சிகள் பள்ளியில் சேர்ந்து, 1922-ல் பட்டயம் பெற்று ஊர் திரும்பினார்.

அக்காலத்தில் ஏழைகள் பிரசவத்திற்கு மருத்துவமனை தேடிப் போவது அரிது. வலி எடுத்ததும் மருத்துவச்சியைக் கூப்பிட ஆள் ஓடும். இரவென்றும் பனியென்றும் பாராமல், வூட்ச் நகரின் ஏழைப் பகுதிகளில் ஒற்றை அறைக் குடித்தனங்களுக்கு அம்மையார் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பணம் தர இயலாத வீடுகளுக்கும் அதே நடைதான். வேலையைத் தொடங்குமுன் சிலுவை அடையாளம் வரைந்து செபிப்பார். தேவதாயின் மீது அவருக்கிருந்த பக்தி, பிள்ளைகள் தாயிடம் கொள்ளும் உரிமையைப் போன்றது. பிரசவம் சிக்கலாகும் வேளையில், ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டாவது உடனே ஓடி வரும்படி அன்னையை அழைப்பாராம்!

இதைப் படித்துவிட்டு, செபம் இருந்தால் போதும், மற்றவை தாமே நடக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-ல் வியன்னா நகரில் நிரூபித்துக் காட்டிய உண்மை ஒன்று உண்டு. பிரசவம் பார்ப்பவர் கையை மருந்து நீரில் நன்றாகக் கழுவினாலே, தாய்மாரைக் கொல்லும் பிரசவ ஜுரம் பெரும்பாலும் விலகிவிடும். வார்சாவில் முறையாகப் படித்த நம் அம்மையாருக்குச் செபமும் வேண்டும், கொதித்த நீரும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளியவரல்லர்.

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை வூட்ச் நகருக்குள் நுழைந்தது. மறு ஆண்டு நகரின் பவூத்தி பகுதியை அடைத்து, யூதர்களை அதற்குள் சிறை வைத்தார்கள். அடைபட்டவர்களுக்கு உணவும் பொய்ப் பெயரில் சான்றிதழ்களும் கிடைக்க லெஷ்சின்ஸ்கா குடும்பத்தார் உதவினர். பிடிபட்டால் சாவு என்று தெரிந்தே செய்த உதவி அது. 1943 பிப்ரவரியில் ரகசியப் போலீசார் வீடு புகுந்தனர். கணவரும் மூத்த மகனும் தப்பினர். இளைய மகன்கள் இருவரும் மவுத்தவுசன் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஏப்ரலில் தாயும் மகள் சில்வியாவும் ஆஷ்விட்ஸ் கொண்டுபோகப்பட்டனர். தாய்க்கு 41335, மகளுக்கு 41336 என்று எண்கள் கொடுக்கப்பட்டன. கணவரை அவர் மறுபடி காணவேயில்லை. 1944-ல் வார்சா மக்கள் கிளர்ந்தெழுந்த போரில் அவர் இறந்தார்.

தாம் மருத்துவச்சி என்பதை முகாமில் தெரிவித்த அம்மையார், கர்ப்பிணிகள் இருந்த கொட்டகைக்கு அனுப்பப்பட்டார். அது குதிரை லாயமாக அமைந்த மரக் கொட்டகை. நடுவில் நீளவாக்கில் செங்கல் அடுப்பு ஒன்று இருந்தது. ஆண்டில் சில தடவைகளே அதில் நெருப்பு மூட்டினார்கள். அதன் மேல்தான் பிரசவங்கள் நடந்தன. மருந்து இல்லை, கட்டுத் துணி இல்லை. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவர இருபது நிமிடம் ஆகும். எலிகள் இருந்தன, பேன் இருந்தது. பிரசவ நாள் நெருங்கும் தாய், பல நாட்கள் தன் ரொட்டியை உண்ணாமல் சேர்த்து, அதைக் கொடுத்து ஒரு படுக்கை விரிப்பை வாங்கிக்கொள்வாள். அதைக் கிழித்தால்தான் பிள்ளைக்குத் துணி!

அம்மையார் வருமுன் அங்கே பிரசவம் பார்த்தவள் க்ளாரா என்னும் ஜெர்மானிய மருத்துவச்சி. சிசுக்கொலைக் குற்றத்திற்காகச் சிறை வைக்கப்பட்டவள். அவளும் அவள் துணையாளும், பிறந்த குழந்தைகளைப் பீப்பாய்த் தண்ணீரில் அமிழ்த்திக் கொன்றனர். தாய்மாரின் காதில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் விழும். குழந்தைகளைக் கொல்ல நம் அம்மையாருக்கும் கட்டளை வந்தது. முடியாது என்றார். மறுத்தவருக்கு அங்கே என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எப்படியோ உயிர் தப்பினார். இரவும் பகலும் தம் வேலையைத் தொடர்ந்தார்.

முகாம் மருத்துவர் ஒருமுறை அவரை அழைத்து, பிரசவத்தில் எத்தனை தாய்மாரும் சிசுக்களும் மாண்டனர் என்று கணக்குக் கேட்டார். ஒருவரும் இல்லை என்றார் அம்மையார். அந்த மனிதர் நம்பாமல் பார்த்தாராம். பெரிய மருத்துவமனைகளும் சொல்ல முடியாத கணக்கு அது. அங்கே பிறந்த குழந்தைகள் 3000-க்கு மேல் என்று அம்மையாரே பின்னாளில் எழுதி வைத்தார். அவற்றில் ஏறத்தாழ 1500 நீரில் அமிழ்த்தப்பட்டன. 1000-க்கு மேல் குளிராலும் பசியாலும் இறந்தன. நீலக் கண்ணும் வெள்ளை நிறமும் கொண்ட சில நூறு குழந்தைகளை ஜெர்மானியராக வளர்க்கப் பறித்துக்கொண்டு போனார்கள். முகாமில் உயிரோடு எஞ்சியவை முப்பதே.

முப்பதுதானா? கொல்லப்படப் போகும் குழந்தையை இவ்வளவு பாடுபட்டு உலகிற்குக் கொண்டுவருவானேன் என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அம்மையார் பலனைக் கணக்கிட்டுப் பிரசவம் பார்த்தவரல்லர் என்பதே நம் எண்ணம். வூட்ச் நகரத்து மாடி அறையில் எப்படிச் செய்தாரோ, அப்படியே இங்கும் செய்தார். சிலுவை வரைந்தார், செபித்தார், தொப்புள் கொடியை அறுத்தார், குழந்தையைக் கழுவித் தாயிடம் கொடுத்தார். ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நம் பெரியவர்கள் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். அதை அவர் அந்தக் கொட்டகையில் பிறந்த பிள்ளைகளுக்குச் செய்தார். பறிக்கப்படப் போகும் பிள்ளைகளின் உடம்பில், காவலர் கண்ணில் படாதபடி சிறு பச்சை குத்தி அடையாளம் வைத்தார். என்றாவது தாய் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா?

அவர் எழுதியவற்றுள் ஒரு நிகழ்ச்சியை நம்மால் மறக்க முடியவில்லை. வில்னா ஊர்ப் பெண்ணொருத்தி, எதிர்ப்புப் படையினருக்கு உதவியதற்காகப் பிடிபட்டவள். பிள்ளை பெற்ற உடனே அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். இப்போதுதான் பெற்றிருக்கிறாள் என்று அம்மையார் போய் மன்றாடினார். அவர்களுக்குக் கோபம் அதிகரித்ததே மிச்சம். எரி உலைக்கே அழைக்கிறார்கள் என்று விளங்கிவிட்டது. அவள் ஓர் அழுக்குக் காகிதத்தில் பிள்ளையைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். தாலாட்டுப் பாட உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. அப்படியே நடந்து போனாள்.

1945 ஜனவரியில் முகாம் விடுவிக்கப்பட்டது. தாயும் மகளும் வூட்ச் திரும்பினர். மகன்களும் உயிரோடு வந்து சேர்ந்தனர். நான்கு பிள்ளைகளும் மருத்துவரானார்கள். அம்மையாரோ பழையபடி பையை எடுத்துக்கொண்டு ஏழைகளின் வீடுகளுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பிவிட்டார். முகாமைப் பற்றி வெகுகாலம் வாய் திறக்கவில்லை. 1957-ல், பணி ஓய்வை ஒட்டித்தான் தம் நினைவுகளை எழுதினார். 1965-ல் அது ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. சில பக்கங்களே கொண்ட அந்த அறிக்கையில் தம்மைப் புகழும் சொல் ஒன்றுமில்லை. 1970 ஜனவரி 27-ல் வார்சா நகரில் நடந்த கூட்டத்தில், முகாமில் தம் கையில் பிறந்து வளர்ந்து ஆளானவர்களையும் அவர்களுடைய தாய்மாரையும் அவர் நேரில் கண்டார்.

1974 மார்ச் 11-ல் புற்றுநோயால் இறந்தார். 1996-ல் அவருடைய எச்சங்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு, வூட்ச் நகரின் விண்ணேற்பு அன்னை ஆலயத்தில் வைக்கப்பட்டன. போர்க் காலத்தில் இந்த ஆலயம் அடைக்கப்பட்ட யூதர் பகுதிக்குள் அகப்பட்டிருந்தது. யூதர்களிடமிருந்து பறித்த மெத்தைகளையும் தலையணைகளையும் ஜெர்மானியர் அதற்குள்தான் குவித்து வைத்திருந்தார்கள்.