ஏழைகளின் வக்கீல் வ.உ.சி.

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளையை அறியாதவர் இல்லை. ஆனால் அவர் கப்பல் விடுவதற்கு முன்பே, கையில் காசில்லாத ஏழைகளுக்காகக் கோர்ட்டு ஏறிய வக்கீல் என்பது பலருக்குத் தெரியாது.

அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம்

நெல்லைச் சீமையில் ஒட்டப்பிடாரம் என்று ஓர் ஊர். அங்கே 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிதம்பரம் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை பெயர்பெற்ற வக்கீல். தாயார் பரமாயி அம்மாள்.

படிப்பு முடிந்ததும் சிதம்பரம் தாலுகா ஆபீசில் சிறிது காலம் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். பிறகு திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்தார். 1895-ல் சொந்த ஊரிலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

தந்தையிடம் வசதி படைத்தவர்கள் வந்தார்கள். மகனிடம் ஏழைகள் வந்தார்கள். பீஸ் கொடுக்க முடியாதவர்களுக்கும் அவர் வாதாடினார். சில வழக்குகளில் தந்தை ஒரு கட்சிக்கும், மகன் எதிர்க்கட்சிக்கும் ஆஜரானார்கள்!

ஏழைக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் கிடைக்கும் ஏற்பாடு இன்றுபோல் அந்த நாளில் இல்லை. போலீசார் பொய்யாக வழக்குப் போட்டால், ஏழை என்ன செய்வான்? சிதம்பரத்தின் வீட்டு வாசலுக்குத்தான் போவான்.

போலீசாருக்கு இது பிடிக்கவில்லை. லஞ்சம் வாங்கிய சப்-மாஜிஸ்திரேட்டுகள் மூவர் மீது குற்றத்தை அவர் நிரூபித்தும் காட்டினார். அதிகாரிகளின் பகை வளர்ந்தது. மகனுக்கு ஏதாவது தீங்கு வந்துவிடுமோ என்று தந்தை கலங்கினார். 1900-ல் சிதம்பரம் தூத்துக்குடிக்குக் குடிபோனார். ஊர்தான் மாறியது, அவர் குணம் மாறவில்லை.

தொழிலாளர் பக்கம்

1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டதும் ஊரறிந்த கதை.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி சொற்பம், வேலை நேரமோ அதிகம், வார விடுமுறையும் கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். சில நாட்களில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது.

இதைச் சர்க்கார் பொறுக்கவில்லை. மார்ச் 12-ந் தேதி அவரைக் கைது செய்தார்கள். ராஜத்துரோக வழக்கு நடந்தது. பிறருக்காக வாதாடியவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மொத்தம் 40 ஆண்டு! மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது.

கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். அந்த நிலையிலும் சட்ட நுணுக்கம் நிறைந்த மனுக்களைச் சிறையிலிருந்து எழுதியவண்ணம் இருந்தார்.

பறிபோன சன்னது

1912 டிசம்பரில் விடுதலையானார். வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. கப்பல் கம்பெனி அழிந்துவிட்டது. வக்கீல் சன்னதையும் சர்க்கார் பறித்துவிட்டது. சென்னையிலும் கோவையிலும் மனைவி மக்களோடு வறுமையில் வாடினார்.

பல ஆண்டுகளுக்குப் பின், வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர், நன்றி மறக்கவில்லை. தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் சூட்டினார்.

பிறகு கோவில்பட்டியில் வக்கீல் தொழில் நடத்தினார். வருமானம் போதவில்லை. ஆசையாய்ச் சேர்த்த சட்டப் புத்தகங்களையும் விற்க நேர்ந்தது என்பார்கள். 1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

இன்று ஏழைக்கு வக்கீல்

அன்று ஒரு மனிதர் மனமிரங்கிச் செய்ததை இன்று சட்டமே செய்கிறது. இலவசச் சட்ட உதவிக்கான சட்டம் 1987-ல் இயற்றப்பட்டு, 1995 முதல் அமலில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே வக்கீல் கிடைப்பார். மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்பு உண்டு.

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை செய்யும் தொழிலாளிக்குக் கூலித் தகராறு வரலாம். அவர் வீட்டுப் பெண்ணுக்கு ஜீவனாம்ச வழக்கு வரலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவிடம் ஒரு மனு கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், அங்கேயே எழுதிக்கொள்வார்கள்.

ஒட்டப்பிடாரத்து ஏழைகளுக்கு ஒரு சிதம்பரம் பிள்ளை இருந்தார். இன்றைய ஏழைக்குச் சட்டம் இருக்கிறது. கேட்கத் தயங்கக் கூடாது.