குத்தூசி தந்த எழுத்து

விருத்தாசலத்துச் சூளைகளில் உழைக்கும் தோழனுக்கு விரல் நுனியின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா? பீங்கானின் வழவழப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் தடவும் விரல் கண்டுகொள்ளும். அந்த விரலையே கண்ணாக்கித் தந்தவன் ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை. பெயர் லூயி பிரெயில்.

பாரிசுக்குக் கிழக்கே கூவ்ரே என்றொரு சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்தவரின் மகனாக 1809 சனவரி 4-ல் பிறந்தான். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில், தோலில் துளை போடும் குத்தூசியை எடுத்து விளையாடினான். ஊசி சறுக்கிக் கண்ணில் பாய்ந்தது. நோய் மறு கண்ணுக்கும் பரவிற்று. ஐந்து வயதில் உலகமே இருண்டது.

1819-ல் பாரிசு நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான். அந்தப் பள்ளி எழுந்த கதையைக் கேளுங்கள். வாலந்தேன் ஆய் என்பவர், கோயில் வாயிலில் பிச்சையெடுத்த பார்வையற்ற இளைஞனுக்கு 1784-ல் புடைத்த எழுத்துகளைத் தடவிப் படிக்கக் கற்பித்தார். பலர் முன்னிலையில் படித்துக் காட்டச் செய்தார். வியந்தவர்கள் பணம் தந்தார்கள், பள்ளி வளர்ந்தது. நல்ல பணிதான், மறுப்பார் யார்? ஆனால் அந்த எழுத்து யாருக்கு ஏற்ற எழுத்து? நன்கொடை தந்த கனவான் தன் கண்ணால் கண்டு மகிழ ஏற்ற எழுத்து! விரலுக்கோ அது வேதனை. வளைவு வளைவாகத் தடவி ஒரு வரி முடிப்பதற்குள் முதற்சொல் மறந்துபோகும். புத்தகமோ பெருங்கனம்.

சார்ல் பார்பியே என்ற படை அதிகாரி, இருட்டில் தடவிப் படிக்கும் புள்ளிக் குறிகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஒரு குறிக்குப் 12 புள்ளி வரை. விரல் நுனியில் அடங்காது. லூயி அதை ஆறாக்கினான்! இப்பக்கம் மூன்று, அப்பக்கம் மூன்று; ஒரே தொடுதலில் ஓர் எழுத்து; மொத்தம் 63 குறிகள். 1824-ல் அது உருவானபோது அவனுக்கு வயது 15. தாளில் புள்ளி குத்த எடுத்த கருவி எது தெரியுமா? அன்று கண்ணைக் குத்தியதே, அந்தக் குத்தூசிக்குத் தம்பி!

1829-ல் தன் முறையை நூலாக்கினார்; 1833-ல் அங்கேயே ஆசிரியரானார். பள்ளியை ஆண்டவர்கள் ஏற்றார்களா? 1840-ல் தலைமைக்கு வந்த டுஃபோ புள்ளி எழுத்தைத் தடுத்தார். பார்வையுள்ளோர் படிக்க முடியாத எழுத்து பார்வையற்றோரைத் தனிமைப்படுத்திவிடுமாம்! மாணவர்கள் அடங்கவில்லை, மறைவாகக் குத்தினார்கள், மறைவாகப் படித்தார்கள். 1844-ல், புதிய கட்டடத் திறப்பு விழாவில், அதே புள்ளி எழுத்து ஊரறிய மேடையேறிற்று.

இன்று நம் பள்ளிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி வாங்க உண்டியல் குலுங்குகிறது. குலுங்கட்டும், காசு நிறையட்டும். ஆனால் கருவியைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அதைப் பிடிக்கப்போகும் கையைக் கேட்டோமா?

பிரெயில் சொற்பச் சம்பளக்காரர். அதிலும் பிறருக்குக் கடன் கொடுத்தவர். எலும்புருக்கி நோய் அவரை 1852 சனவரி 6-ல், 43 வயதில் கொண்டுபோயிற்று. பிரான்சு அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது 1854-ல்தான்! 1951-ல் இந்திய மொழிகளுக்கென வகுத்த பாரதி பிரெயிலால் தமிழும் அந்த ஆறு புள்ளிக்குள் அடங்கிற்று. பூந்தமல்லிப் பள்ளிப் பிள்ளையின் விரல் அகரத்தை அதில்தான் தொட்டறிகிறது.

1952-ல் பிரான்சு அவர் உடலை எடுத்துச் சென்று, பாரிசில் நாட்டின் பெரியோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்தில் வைத்தது. கைகளை மட்டும் கூவ்ரே ஊரார் கொடுக்கவில்லை. அவை அங்கேயே, பட்டறை இருந்த ஊரிலேயே இருக்கின்றன.