சித்தூரை அடுத்த ஒரு பாசறை

குடிபாலாவில் அப்படி என்ன இருக்கிறது என்று இங்கே நண்பர்கள் என்னைச் சீண்டுவதுண்டு. சித்தூர்–வேலூர் சாலை இருக்கிறது, மாந்தோப்புகள் இருக்கின்றன என்பேன். சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில்தான் ஐதர் அலி உயிர் நீத்தான் என்பதை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் அறிந்தேன்.

கோலார்ச் சீமையின் பூதிக்கோட்டையில் பிறந்தவன் ஐதர். எழுத்தறியான். மைசூர்ப் படையில் சேர்ந்து, திண்டுக்கல்லில் பௌஜ்தாராகி, பிரெஞ்சுக்காரர் துணையுடன் ஆயுதச்சாலை நிறுவினான். 1761-இல் உடையார் மன்னரைப் பெயருக்கு அரியணையில் இருத்தி, ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

இருக்கும் ஏற்பாட்டைக் கலைக்க முனையும் நாடுகள் என்றால் நமக்கு 1933-இல் சர்வதேச சங்கத்தை விட்டு விலகிய ஜெர்மனியும் ஜப்பானும் நினைவுக்கு வரும். அக்காலத் தென்னாட்டில் அந்தப் பெயர் மைசூருக்கு. ஆனால், நண்பர்களே, 1769-ஐப் பாருங்கள்! ஐதர் சென்னையின் வாசல் வரை குதிரைப்படையுடன் வந்துவிட்டான். நகரைச் சூறையாடவில்லை, உடன்படிக்கைதான் கேட்டான். பிடித்த இடங்களைத் திருப்பித் தருவது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்று எழுதிக்கொண்டார்கள். ஈராண்டுக்குள் மராட்டியர் மைசூர்மேல் பாய்ந்தனர். கும்பினியார் அசையவில்லை. ஏற்பாட்டுக்குள் இடம் கேட்டவனை அதன் பகைவனாக்கியது இதுவே என்பது என் துணிபு.

மராட்டியரோடும் நிஜாமோடும் கூடி, 1780-இல் கணவாய் இறங்கினான். செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. அங்கே சீறிய மைசூர் வாணங்களுக்கு இரும்புக் குழல். மருந்து எரியும் அழுத்தத்தை மூங்கிலைவிட அது தாங்கும். ஆகவே தூரமும் போகும். (பௌதிக மாணவனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை!) ஆனால் அந்தப் படை எரித்த ஆர்க்காட்டுச் சீமைக் கிராமங்களை எந்தக் கணக்கில் எழுதுவது? உடன்படிக்கையை மீறியவர் கும்பினியார். பட்டினி கிடந்தவர் உழவர்.

1781-இல் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் ஐதர் தோற்றான். மறு ஆண்டு மராட்டியர் தனியாகச் சமாதானம் செய்துகொண்டனர். முதுகில் ராஜபிளவை வேறு. 1782 டிசம்பர் 7-இல் பாசறையிலேயே முடிவு வந்தது. திப்புவோ மலையாளச் சீமையில். செய்தி பரவினால் படை கலையும் என்று அஞ்சிய அமைச்சர்கள் உடலைப் பெட்டியில் வைத்துக் கோலாருக்கு அனுப்பிவிட்டு, எசமானர் நோயாய் இருப்பதுபோலவே பாசறையை நடத்தினார்கள், மகன் வந்து சேரும் வரை.