பாட்டுப் படித்தால் பிழைக்க முடியுமா? வழி காட்டிய விஷ்ணு திகம்பர்

மகனோ, மகளோ பாட்டுப் படிக்கவேண்டும் என்று சொன்னால், பெற்றோருக்கு ஒரு கவலை வருகிறது. பாட்டு காதுக்கு இனிமைதான். ஆனால் வயிற்றுக்குச் சோறு போடுமா?

இந்தக் கவலை இன்று, நேற்று வந்தது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தது. அப்பொழுது நிலைமை இன்னும் மோசம். பாட்டுக் கற்றவர், பெரும்பாலும் ஒரு ராஜாவையோ, ஜமீன்தாரையோ அண்டி வாழவேண்டும். இல்லாவிட்டால், ஊர் ஊராகச் சென்று பாடி, கொடுத்ததை வாங்கிக்கொள்ளவேண்டும். பாடகருக்கு வரும்படியும் குறைவு, மரியாதையும் குறைவு.

அந்த நிலையை மாற்றப் புறப்பட்டார், ஒருவர். பாட்டுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். பரீட்சை வைத்தார். பாட்டுப் படித்த பிள்ளைகளுக்கு வேலைக்கும் வழி செய்தார். அதற்காகக் கடனாளி ஆனார். கட்டிய கட்டிடத்தையும் இழந்தார்.

அவர் பெயர், விஷ்ணு திகம்பர் பலுஸ்கர்.

பட்டாசு வெடித்தது

இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் தென்பகுதியில், குருந்த்வாட் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே 1872-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி, விஷ்ணு பிறந்தார். தகப்பனார் திகம்பர் கோபால் பலுஸ்கர், பக்திக் கதைகளைப் பாட்டோடு சொல்லுகிறவர். நம் ஊர் கதாகாலட்சேபம் போன்றது அது. மகன், தகப்பனாருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்தான்.

சிறு வயதில், ஒரு திருவிழாவின்போது அந்த விபத்து நடந்தது. பட்டாசு வெடித்து, முகத்தில் பட்டது. உடனே வைத்தியம் செய்ய, அந்த ஊரில் வசதி இல்லை. கண் பார்வை மிகவும் மங்கிவிட்டது.

இனி இந்தப் பிள்ளை படித்து வேலைக்குப் போவது எப்படி? பெற்றோர் கலங்கினார்கள். பையனுக்கு நல்ல குரல் இருந்தது. கண் போனாலும் காது இருக்கிறதே! பாட்டுக் கற்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

குருவைத் தேடி

பக்கத்தில் இருந்த மீரஜ் சமஸ்தானத்தில், பாலகிருஷ்ணபுவா இசல்கரஞ்சிகர் என்ற பெரிய வித்துவான் இருந்தார். குவாலியர் பாணிப் பாட்டை மகாராஷ்டிரத்தில் பரப்பியவர், அவர். விஷ்ணு அவரிடம் சீடனாகச் சேர்ந்தார். மீரஜ் ராஜா, பையனுக்கு ஆதரவு தந்தார். தம்புரா செய்வதற்குப் புகழ் பெற்ற ஊர்தான், இந்த மீரஜ்.

அந்தக் காலத்துக் குருகுலம் சுலபமானது அல்ல. குருவின் வீட்டு வேலைகளைச் செய்யவேண்டும். குரு எப்பொழுது சொல்லிக்கொடுப்பார் என்று காத்திருக்கவேண்டும். புத்தகம் கிடையாது. பாட்டை எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை. குரு பாடுவதைக் கேட்டு, மனதில் நிறுத்திக்கொள்ளவேண்டும். எத்தனை ஆண்டு கற்கவேண்டும் என்ற கணக்கும் இல்லை.

விஷ்ணு, பொழுது விடியும் முன்பே எழுந்து சாதகம் செய்தார். பல ஆண்டுகள் கற்றார். நல்ல பாடகர் என்று பெயர் எடுத்தார்.

மனதைச் சுட்ட சம்பவம்

அப்பொழுது நடந்ததாக ஒரு சம்பவத்தைச் சொல்லுவார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடும் ஒரு கூட்டத்துக்கு, விஷ்ணுவுக்கு அழைப்பு வந்தது. ராஜாவின் ஆதரவு பெற்றவர் என்பதால் வந்த அழைப்பு, அது. ஆனால் அவருடைய குருவுக்கு அழைப்பு இல்லை. ஏன் என்று விசாரித்தார். அவர் வெறும் பாடகர்தானே என்று பதில் கிடைத்தது.

இளைஞருடைய மனம் சுட்டது. இத்தனை ஞானம் உள்ள குருவுக்கே இந்த மதிப்பு என்றால், மற்றப் பாடகர்களின் கதி என்ன? சமுதாயத்தில் பாட்டுக்கும் பாடகருக்கும் மதிப்பு உண்டாக்கவேண்டும் என்று உறுதி கொண்டார்.

1896-ம் ஆண்டு, மீரஜை விட்டுப் புறப்பட்டார். கையில் பணம் இல்லை. கண்ணில் சரியான பார்வை இல்லை. உடன் வந்தது, பாட்டு ஒன்றுதான்.

டிக்கெட் வாங்கிப் பாட்டுக் கேட்டார்கள்

சதாரா, பரோடா, கத்தியவார், குவாலியர், மதுரா, டெல்லி, பஞ்சாப் என்று, விஷ்ணு திகம்பர் ஊர் ஊராகச் சென்றார். ராஜாக்களின் அரண்மனைகளிலும் பாடினார். ஆனால் எந்த அரண்மனையிலும் தங்கிவிடவில்லை.

கத்தியவாரில் அவர் ஒரு புதுமை செய்தார். பொது இடத்தில் கச்சேரி வைத்து, டிக்கெட் விற்றார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம்.

இன்று இது சாதாரணம். அன்று, பெரிய மாறுதல். அதுவரை நல்ல பாட்டு, அரண்மனைக்கும் பணக்காரர் வீட்டுக்கும் மட்டும் சொந்தமாக இருந்தது. ராஜா மனம் வைத்தால் பரிசு. இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. டிக்கெட் கச்சேரியில், பாடகருக்குக் கூலி தருகிறவர்கள் பொதுமக்கள். ஒருவர் கோபித்துக்கொண்டால், பிழைப்புப் போய்விடாது.

வடநாட்டில் டிக்கெட் கச்சேரிக்கு வழிகாட்டியவர்களில், விஷ்ணு திகம்பர் முக்கியமானவர்.

லாகூரில் பள்ளிக்கூடம்

1901-ம் ஆண்டு மே 5-ந் தேதி, லாகூர் நகரில் ஓர் இசைப்பள்ளியைத் தொடங்கினார். அதன் பெயர், காந்தர்வ மகாவித்தியாலயம். லாகூர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அன்று, பஞ்சாபின் தலைநகரம். பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 28.

அதற்கு முன்பும் இசைப்பள்ளிகள் இருந்தன. பரோடா மகாராஜாவின் ஆதரவில், மவுலா பக்ஷ் என்ற வித்துவான் 1886-ம் ஆண்டிலேயே ஒரு பள்ளி நடத்தினார். ஆனால் விஷ்ணு திகம்பரின் பள்ளி, ஒரு ராஜாவை நம்பி நிற்கவில்லை. பொதுமக்களின் நன்கொடையும், அவர் கச்சேரி செய்து சம்பாதித்த பணமும்தான் அதற்கு ஆதாரம்.

தொடக்கத்தில் மாணவர்கள் வரவில்லையாம். குறித்த நேரத்தில் பள்ளியைத் திறப்பாராம். தம்புராவை மீட்டி, தனியாக உட்கார்ந்து பாடுவாராம். நேரம் முடிந்ததும் பூட்டிவிட்டுப் போவாராம். பிறகுதான், ஒருவர் இருவராக வரத்தொடங்கினார்கள் என்று சொல்லுவார்கள்.

பெண்களுக்கும் அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. விஷ்ணு திகம்பரின் மனைவி ரமாபாய், பெண்கள் வகுப்பைக் கவனித்துக்கொண்டார். குடும்பப் பெண்கள் பாட்டுக் கற்பதை ஏளனம் செய்த காலம், அது.

9 ஆண்டு ஒப்பந்தம்

இந்தப் பள்ளியில் மிக முக்கியமானது, ஆசிரியர் பயிற்சி வகுப்பு.

ஏழைப் பிள்ளைகள் பலருக்கு நல்ல குரல் இருக்கும். பணம் இராது. அப்படிப்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தார். சாப்பாடும், தங்க இடமும், படிப்பும் இலவசம். அதற்குப் பதிலாக, 9 ஆண்டுகள் பள்ளியில் இருப்பதாகப் பெற்றோர் எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் காலத்தில் பிள்ளை பாட்டுக் கற்பான். தன்னைவிடச் சிறியவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பான். படிப்பு முடியும்பொழுது, அவன் பாடகன் மட்டும் அல்ல, ஆசிரியனும் ஆகிவிடுவான்.

பாடங்கள், வகுப்பு வாரியாகப் பிரிக்கப்பட்டன. பரீட்சை நடந்தது. தேறியவர்களுக்குப் பட்டம் கிடைத்தது. யாரிடம் எவ்வளவு கற்றான் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், காட்டுவதற்கு ஒரு சான்று கிடைத்தது.

பாட்டைக் காகிதத்தில் எழுதுவதற்கு, விஷ்ணு திகம்பர் ஒரு முறை வகுத்தார். அச்சகம் வைத்து, பாடப்புத்தகங்கள் வெளியிட்டார். இசைக்கு என்று ஒரு மாதப் பத்திரிகையும் நடத்தினார். இசைக்கருவிகளைச் செய்யவும், பழுது பார்க்கவும் பட்டறை வைத்தார்.

எல்லோரும் பெரிய பாடகர் ஆகிவிட முடியாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். பாடகர் ஆகாவிட்டால், ஆசிரியர் ஆகலாம். கருவி செய்யும் தொழிலில் இறங்கலாம். ஒன்றும் இல்லாவிட்டாலும், பாட்டைக் கேட்டு ரசிக்கத் தெரிந்தவர் ஆகலாம். தான்சேனை உண்டாக்க முடியாவிட்டாலும், கான்சேனை உண்டாக்கலாம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வது உண்டாம். தான்சேன், அக்பர் சபையில் பாடிய மேதை. கான் என்றால், இந்தியில் காது. கேட்கத் தெரிந்தவன்தான், கான்சேன்.

கேட்கிறவர்கள் பெருகினால்தானே, பாடுகிறவனுக்குக் கச்சேரி கிடைக்கும்!

குறை சொன்னவர்கள்

அவர் செய்ததை எல்லோரும் புகழவில்லை. வகுப்பில் பலரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால், உயர்ந்த பாட்டு வருமா என்று பழைய வித்துவான்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. பள்ளியில் படித்த பலரில், சிலர்தான் பெரும் பாடகர்கள் ஆனார்கள்.

பாட்டில் இருந்த சிருங்கார வரிகளை நீக்கி, பக்தி வரிகளை அவர் வைத்தார். குடும்பங்கள் தயங்காமல் பிள்ளைகளை அனுப்பவேண்டும் என்பது, அவர் எண்ணம். அதையும் சிலர் குறை கூறினார்கள்.

ஆனாலும் அவர் புகழ் பரவியது. காங்கிரஸ் மாநாடுகளில் வந்தே மாதரம் பாடினார். காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டங்களில் ஒலித்த ரகுபதி ராகவ ராஜாராம் பாட்டுக்கு, மெட்டுக் கொடுத்தவர் இவர்தான் என்பார்கள்.

கட்டிடம் ஏலத்தில் போனது

1908-ம் ஆண்டு, பம்பாயிலும் காந்தர்வ மகாவித்தியாலயத்தைத் தொடங்கினார். மாணவர்கள் குவிந்தார்கள். வாடகை இடம் போதவில்லை. கடன் வாங்கி, சொந்தமாகப் பெரிய கட்டிடம் கட்டினார்.

கடன் வளர்ந்தது. வட்டி ஏறியது. பல பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு போடவேண்டும். ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்தார். வந்த பணம் எல்லாம் கடனுக்குப் போயிற்று. அப்படியும் தீரவில்லை.

கடைசியில், 1924-ம் ஆண்டு, கட்டிடம் ஏலத்துக்கு வந்தது. பல ஆண்டுகள் பாடிப் பாடிச் சேர்த்தது, கையை விட்டுப் போனது!

அதற்கு முன்பே அவர் மனம் துறவில் திரும்பியிருந்தது. காவி உடுத்தினார். நாசிக் நகரில் ஓர் ஆசிரமம் வைத்து, ராமநாமம் பாடி வந்தார். அங்கும் சில பிள்ளைகளை வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

1931-ம் ஆண்டு உடல் நலம் கெட்டது. பாட்டுக் கற்ற மீரஜுக்கே கொண்டு சென்றார்கள். ஆகஸ்டு 21-ந் தேதி, அங்கே காலமானார். 59 வயது நிறைந்து, மூன்றே நாட்கள் ஆகியிருந்தன.

மாணவர்கள் காப்பாற்றினார்கள்

கட்டிடம் போனதே தவிர, பள்ளி போகவில்லை. அதை மாணவர்கள் காப்பாற்றினார்கள்.

குரு இறந்த அதே 1931-ம் ஆண்டில், சீடர்கள் ஒன்றுகூடி, அகில பாரத காந்தர்வ மகாவித்தியாலய மண்டலம் என்ற சங்கத்தை அமைத்தார்கள். அது இன்றும் இசைத் தேர்வுகளை நடத்தி, பட்டம் அளித்து வருகிறது. அடுத்த ஆண்டு, விநாயகராவ் பட்டவர்த்தன் என்ற சீடர், புனாவில் பள்ளி தொடங்கினார். மற்றொரு சீடர் தேவ்தர், 1925-ம் ஆண்டே பம்பாயில் ஒரு பள்ளி தொடங்கியிருந்தார்.

ஓம்கார்நாத் தாகூர் என்ற பையன், குஜராத்தில் பிறந்தவன். வறுமையால், சிறு வயதிலேயே சமையல் வேலை செய்தவன். விஷ்ணு திகம்பரிடம் வந்து சேர்ந்தான். 1916-ம் ஆண்டு, அந்த இளைஞரையே லாகூர் பள்ளிக்குத் தலைவர் ஆக்கினார், குரு. பின்னர் நாடு புகழும் பாடகரானார், ஓம்கார்நாத். 1950-ம் ஆண்டு, காசி இந்து பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரிக்கு முதல் தலைவராகவும் ஆனார்.

நாராயண் கரே என்ற சீடர், காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்தில் இசை ஆசிரியர் ஆனார். 1930-ம் ஆண்டு நடந்த தண்டி உப்பு யாத்திரையிலும், அவர் சென்றார். நாராயணராவ் வியாஸ், இசைத்தட்டுகளில் பாடிப் பெயர் பெற்றார். அவருடைய சகோதரர் சங்கர்ராவ் வியாஸ், சினிமாவுக்கு இசை அமைத்தார்.

மகனுக்குக் கிடைத்த சொத்து

விஷ்ணு திகம்பர் இறந்தபொழுது, அவர் மகன் தத்தாத்ரேயாவுக்கு வயது பத்துதான். தகப்பனார் வைத்துவிட்டுப் போன பணமும் இல்லை, கட்டிடமும் இல்லை.

தகப்பனாரிடம் இலவசமாகக் கற்ற சீடர்கள், இப்பொழுது மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விநாயகராவ் பட்டவர்த்தனும், நாராயணராவ் வியாசும் அவனை உருவாக்கினார்கள். டி. வி. பலுஸ்கர் என்ற பெயரில், அவன் இந்தியா முழுவதும் புகழ் பெற்ற பாடகன் ஆனான். 1952-ம் ஆண்டு வெளிவந்த பைஜு பாவ்ரா இந்திப் படத்திலும், அவன் பாட்டு இருக்கிறது. 1955-ம் ஆண்டு, 34 வயதில் காலமாகிவிட்டான்.

1973-ம் ஆண்டு, விஷ்ணு திகம்பரின் படம் போட்ட தபால்தலையை இந்திய அரசு வெளியிட்டது. இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பாட்டு ஒரு பாடமாக இருக்கிறது. பரீட்சை எழுதிப் பட்டம் பெற்றவர்கள், இசை ஆசிரியர்களாகச் சம்பளம் வாங்குகிறார்கள். அந்த வழியை அகலமாக்கியவர்களில் ஒருவர், பட்டாசு வெடித்துப் பார்வை மங்கிய, அந்தக் குருந்த்வாட் சிறுவன்தான்.