அரைப் புள்ளி பெற்ற வீராங்கனை லெல்லா லொம்பார்டி

கார்ப் பந்தயங்களில் தலையாயது ஃபார்முலா ஒன். 1950ஆம் ஆண்டு முதல் அது உலகப் போட்டியாக நடந்து வருகிறது. இத்தனை ஆண்டுகளில் அப்போட்டியில் பந்தயம் ஓடிய பெண்கள் இருவரே. புள்ளி பெற்றவர் ஒருவரே. அவர் பெற்றதும் ஒரு முழுப் புள்ளி அன்று, அரைப் புள்ளிதான்! அந்த அரைப் புள்ளிக்கு உரியவர் இத்தாலி நாட்டு லெல்லா லொம்பார்டி.

வட இத்தாலியில் பியட்மான்ட் பகுதியில் ஃப்ருகரோலோ என்றொரு சிற்றூர். அங்கே 1941ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மரியா கிராசியா. உலகம் அறிந்த பெயர் லெல்லா. தந்தை இறைச்சிக் கடை வைத்திருந்தார். கடையின் வேனை ஓட்டிச் சென்று இறைச்சியைக் கொண்டு சேர்க்கும் வேலை மகளுடையது. பிற்காலத்தில் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வளைவுகளைக் கடந்த கைகள் முதன்முதலில் பழகியது அந்த வேனில்தான். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மிகுந்த இத்துறையில் இறைச்சிக் கடைக்காரர் மகள் நுழைவது எளிதன்று. சிறிய ரகக் கார்ப் பந்தயங்களில் தொடங்கிப் படிப்படியாக முன்னேறினார். 1970இல் இத்தாலியின் ஃபார்முலா 850 பந்தயத்தில் முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

1974இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் திடலில் ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றில் கலந்துகொள்ள முயன்றார். அவர் காரின் எண் 208. ஏன் இத்தனை பெரிய எண் என்று கேட்கிறீர்களா? பணம் கொடுத்து ஆதரித்தது ரேடியோ லக்சம்பர்க். அந்த வானொலியின் அலைவரிசை 208 மீட்டர். ஆனால் முன்னோட்டத்தில் குறித்த வேகத்தை எட்டியவர்களுக்கு மட்டுமே பந்தயத்தில் இடமுண்டு. லெல்லாவுக்கு இடம் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச் என்னும் ஆங்கில அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. இத்தாலியப் பிரபு ஒருவரும் ஒரு காப்பி நிறுவனமும் பணம் தந்தனர். 1975ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் தென்னாப்பிரிக்காவில் கயலாமித் திடலில் அவர் பந்தயம் தொடங்கினார். அவருக்கு முன் இப்போட்டியில் ஓடிய பெண் மரியா தெரேசா தே ஃபிலிப்பிஸ். அவரும் இத்தாலியரே. அவர் கடைசியாக ஓடியது 1958இல். பதினாறு ஆண்டுகளுக்கு மேல் பெண்களுக்கு அடைந்து கிடந்த வாயில் அன்று திறந்தது. எரிபொருள் செல்லும் பகுதியில் கோளாறு ஏற்பட்டு லெல்லாவின் கார் பாதியில் நின்றுபோனது என்பது வேறு கதை.

அடுத்து ஸ்பெயின், பார்சிலோனா நகரின் மோன்ஜுயிக் குன்று. அங்கே சாலையோரத்து இரும்புத் தடுப்புகள் சரியாக முடுக்கப்படாமல் இருந்ததைக் கண்ட ஓட்டுநர்கள் ஓட மறுத்தனர். அணிகளின் மெக்கானிக்குகளே கருவிகளை எடுத்துக்கொண்டு போய் போல்ட்டுகளை முடுக்கினார்களாம். முன்னாண்டு வெற்றியாளரான எமர்சன் ஃபிட்டிபால்டி மெதுவாகச் சில சுற்றுகள் ஓட்டிவிட்டு விலகிக்கொண்டார். ஏப்ரல் 27ஆம் நாள் பந்தயம் நடந்தது. முதல் சுற்றிலேயே மோதல்கள். முன்னணியில் ஓடிய ரோல்ஃப் ஸ்டொமெலனின் காரில் 26ஆவது சுற்றில் பின்புற இறக்கை முறிந்தது. கார் தடுப்பைத் தாண்டிப் பறந்தது. அப்பால் நின்றவர்கள் சிலர் உயிரிழந்தனர். 75 சுற்றுகள் ஓட வேண்டிய பந்தயம் 29ஆவது சுற்றோடு நிறுத்தப்பட்டது. அப்போது லெல்லா ஆறாம் இடத்தில் இருந்தார். ஆறாம் இடத்துக்கு ஒரு புள்ளி. பந்தயம் பாதிகூட நடவாததால் அதிலும் பாதி. அதிர்ஷ்டத்தால் வந்தது என்று இதைச் சொல்வோர் உண்டு. நம்பத்தகாத தடுப்புகளுக்கு நடுவே, மோதிச் சிதறிய கார்களைக் கடந்து, தம் காரைக் கடைசிவரை காப்பாற்றி ஓட்டியவர் அவர் என்பதை அவர்கள் ஏனோ சொல்வதில்லை. ஆயினும் உயிர்கள் பலியான நாளில் கிடைத்த புள்ளியைக் கொண்டாட எவருக்குத்தான் மனம் வரும்?

அந்த ஆண்டு முழுதும் லெல்லா ஒரு குறையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். வேகமான வளைவுகளில் கார் தாம் திருப்பிய அளவுக்குத் திரும்புவதில்லை என்பதே அது. அணியினர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணின் கைகளுக்கு வலுப் போதவில்லை, வேறென்ன என்பது பலருடைய எண்ணம். அதே காரில்தான் ஜெர்மனியின் நியூர்பர்கிரிங் திடலில், ஒரு சுற்றே ஏறக்குறைய 23 கிலோமீட்டர் நீளும் அந்த மலைப்பாதையில், ஏழாவதாக வந்தார். இன்னும் ஓரிடம் முந்தியிருந்தால் முழுப் புள்ளி ஒன்று கிட்டியிருக்கும்.

1976 ஜனவரியில் பிரேசிலில் பதினான்காவதாக வந்தார். அத்துடன் அவர் இடம் சுவீடனின் புகழ்பெற்ற வீரர் ரோனி பீட்டர்சனுக்குப் போயிற்று. லெல்லா ஓட்டிய காரை ஓட்டிய பீட்டர்சனும் வளைவுகளில் அதே குறையைச் சொன்னார். இப்போது காரைப் பிரித்துப் பார்த்தார்கள். காரின் பின்பகுதியைத் தாங்கும் மக்னீசிய வார்ப்புச் சட்டத்தில் விரிசல்! லெல்லா சொன்னது உண்மைதான் என்று தெரிந்தபோது அவர் அணியில் இல்லை. விரிசல் விட்ட காருடனா ஓராண்டு மற்றவரோடு போட்டியிட்டார் என எண்ணும்போது அந்த ஏழாம் இடம் என் கண்ணுக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பிறகு சிறிய அணி ஒன்றின் காரில் மூன்று பந்தயங்களுக்கு முயன்றார். இங்கிலாந்தில் தகுதி பெறவில்லை. ஜெர்மனியில் வழக்கொன்றின் காரணமாகப் போலீசார் அணியின் கார்களைக் கைப்பற்றினர். ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் பன்னிரண்டாவதாக வந்தார். அதுவே அவருடைய கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம். மொத்தம் பன்னிரண்டு பந்தயங்கள், ஓர் அரைப் புள்ளி.

அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1977இல் அமெரிக்காவின் டேட்டோனாவில் ஓடினார். பல மணி நேரம் நீளும் ஸ்போர்ட்ஸ் கார்ப் பந்தயங்களே அவருக்கு வெற்றி தந்தன. ஒசெல்லா காரில் சக ஓட்டுநருடன் மாறி மாறி ஓட்டி 1979இல் பெர்கூசாவிலும் வாலெலுங்காவிலும், 1981இல் முஜெல்லோவிலும் முதலிடம் பெற்றார். அவர் சொல்வதைக் கேட்பவர்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

1985இல் மார்பகப் புற்றுநோய் கண்டது. நோயோடும் மூன்றாண்டுகள் ஓட்டினார். 1988இல் பந்தயத்தை விட்டபின் தம் பெயரிலேயே ஓர் அணியைத் தொடங்கி மற்றவர்களை ஓடச் செய்தார்.

1992ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், கயலாமியில் மீண்டும் ஃபார்முலா ஒன் பந்தயம். லெல்லா அங்கே ஓடிப் பதினேழு ஆண்டுகள் சரியாக நிறைந்த நாள். ஜியோவானா அமாட்டி என்ற இன்னோர் இத்தாலியப் பெண் அதில் இடம்பெற முயன்று முன்னோட்டத்திலேயே பின்தங்கிப் போனார். அதற்கு இரண்டு நாள் கழித்து, மார்ச் 3ஆம் நாள், மிலான் நகரில் லெல்லா லொம்பார்டி காலமானார். ஐம்பத்தொரு வயது நிறைய இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன.