சந்திரசேகர வெங்கட இராமன்

சர் சந்திரசேகர வெங்கட இராமன் (நவம்பர் 7, 1888 - நவம்பர் 21, 1970) ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற இந்திய இயற்பியலாளர் ஆவார். இவர் கண்டறிந்த இராமன் விளைவு பொருள்களின் மூலக்கூறு அமைப்பை அறிய உதவுகிறது. பொருளைத் தொடாமலே அதன் வெப்பநிலையை அளக்கவும் அது பயன்படுவது பலரும் அறியாதது.

பிறப்பும் பணியும்

இராமன் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்கு வடக்கே, காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தை அடுத்துள்ள திருவானைக்காவலில், சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தை கல்லூரி விரிவுரையாளரானதால் 1892இல் குடும்பம் விசாகப்பட்டினம் சென்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1907இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அறிவியல் ஆய்வைத் தொழிலாகக் கொள்ள அன்று வழி அரிதாகையால், இந்திய நிதித்துறையில் சேர்ந்து கல்கத்தா சென்றார். அலுவல் நேரம் போக எஞ்சிய காலையும் மாலையும் அங்குள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917இல், ஊதியம் குறைவெனினும், கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை ஏற்றார்.

இராமன் விளைவு

1921ஆம் ஆண்டுக் கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. அது வானத்தின் எதிரொளிப்பு அன்று, நீர் மூலக்கூறுகளின் ஒளிச்சிதறலே என்று காட்டினார். 1923இல் மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒரு பகுதியைக் கண்டார். மாசே காரணம் எனக் கருதி நீர்மத்தைப் பலமுறை தூய்மை செய்தும் அது மறையவில்லை. 1928இல் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து சுமார் 60 நீர்மங்களை ஆராய்ந்தார். பிப்ரவரி 28 அன்று, அதிர்வெண் மாறிய புதிய ஒளி என்பது உறுதியாயிற்று. இந்நாள் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பெங்களூரில்

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1937இல் அப்பொறுப்பிலிருந்து விலகினார். படிகங்களின் வெப்ப ஏற்புத்திறன் குறித்து மாக்சு போர்னுடன் நெடுங்காலம் முரண்பட்டார். படிக அணுக்கள் குறிப்பிட்ட சில அதிர்வெண்களிலேயே அதிர்கின்றன என்பது இராமனின் கொள்கை. பின்னர் நியூட்ரான் சிதறல் ஆய்வுகள் போர்னின் பக்கமே நின்றன. 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார்.

வெப்பமானியாக

ஒளி மூலக்கூறுக்கு ஆற்றலைக் கொடுத்துச் சிதறினால் ஸ்டோக்சு கோடும், ஏற்கனவே அதிரும் மூலக்கூறிடமிருந்து ஆற்றலைப் பெற்றுச் சிதறினால் எதிர் ஸ்டோக்சு கோடும் நிறமாலையில் தோன்றும். பொருள் சூடேறினால் அதிரும் மூலக்கூறுகள் பெருகும். எனவே இரண்டாவது கோடு வலுப்பெறும். இரண்டின் விகிதமே வெப்பநிலையைச் சொல்லிவிடும்.

கணினிப் பெட்டியின் குளிர்விப்பு விசிறியோடு வரும் வெப்பநிலைத் திரை, உணரி பொருத்திய இடத்தின் சூட்டை மட்டுமே காட்டும். சில்லுக்குள் ஒரு நுண்புள்ளி அதைவிடச் சூடாக இருக்கலாம். அங்கே லேசர் ஒளியைக் குவித்து, சிலிக்கானின் இராமன் கோடு எவ்வளவு நகர்ந்துள்ளது என்று பார்த்தால், ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள இடத்தின் வெப்பநிலையும் தெரியும். 1980களில் உருவான ஒளியிழை வெப்ப உணரிகளும் எதிர் ஸ்டோக்சு ஒளியையே நம்புகின்றன. பல கிலோமீட்டர் நீள மின்வடத்தில் எந்த இடம் சூடேறுகிறது என்பதை, ஒளித்துடிப்பு திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு அவை கண்டறிகின்றன.